எந்தப் பட்டம் என்னும் கேள்விக்கு முன்

அண்மையில் ஒரு மாலைப்பொழுது, எத்தாளைக் கரையில் எமது பழைய வகுப்புத் தோழர் ஒருவரின் வாடியில் நாம் சிலர் கூடியிருந்தோம். நாம் என்றது, 1994ஆம் ஆண்டில் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்கு ஒரே வகுப்பறையின் வாங்குகளில் அருகருகே இருந்து படித்தவர்களை. எம்மில் இருவர் இன்று ஆசிரியர்கள். ஒருவர் வளைகுடா நாடொன்றில் பத்தாண்டுகள் உழைத்துத் திரும்பி வெங்காயத் தோட்டம் செய்கிறார். வாடிக்குரியவர் கடற்றொழிலாளி. அவர் பொத்தி முடியாத வலை அருகிலே குவிந்து கிடந்தது. பேச்சு மீன்விலையிலிருந்து மண்ணெண்ணெய் விலைக்குத் தாவிக்கொண்டிருந்த வேளையில், அவருடைய பதினாறு வயது மகள் ஒரு தாளைக் கையில் பிடித்தபடி வந்து நின்றாள். அது சாதாரண தரப் பெறுபேறு. கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் அவள் மிக உயர்ந்த சித்தி பெற்றிருந்தாள்.

“சேர், நான் என்ன டிகிரி படிச்சால் நல்லம்?” என்று கேட்டாள்.

எம்மில் ஒருவர் “டொக்டர்” என்றார். மற்றவர் “டீச்சர் வேலைதான் பெண்பிள்ளைக்குப் பாதுகாப்பு” என்றார். இன்னொருவர் கணக்கியல் என்றார். ஏன் என்று கேட்டபோது, கொழும்பிலே தம் உறவினரின் மகன் அதைப் படித்து நன்றாயிருக்கிறான் என்றார். தந்தை வலையிலிருந்து கண்ணெடுக்காமலே சொன்னார்: “நீங்க படிச்ச ஆக்கள். கடலுக்குப் போற எனக்கு இதெல்லாம் எங்க தெரியும்?”

அந்த வார்த்தை எம்மைச் சுட்டது. படித்தவர்கள் எனப்பட்ட எமக்கும் தெரியவில்லை என்பதே உண்மை. முப்பது ஆண்டுகளுக்கு முன்னர் இதே ஊரிலே இதே கேள்வியை நாம் கேட்டபோது எம் மூத்தோர் தந்த விடைகளைத்தான் நாமும் திருப்பித் தந்துகொண்டிருந்தோம். அவர்களுக்காவது நூலகமோ தொலைபேசியோ இருக்கவில்லை. எமக்கு என்ன சாக்கு உண்டு?

எத்தாளையை அறியாத வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. புத்தளம் மாவட்டத்தில், பாலாவியிலிருந்து வடக்கே நீளும் கற்பிட்டிக் குடாநாட்டிலே உள்ள கரையோர ஊர் இது. குடாநாட்டின் ஒரு புறம் இந்து சமுத்திரம். மறு புறம் புத்தளம் களப்பு. இடையிலே மணல். அந்த மணலில் கிணறு தோண்டி, நீரிறைத்து, மிளகாயும் வெங்காயமும் காய்கறியும் விளைவிக்கிறார்கள், தென்னை நிற்கிறது, மற்றையோர் கடலை நம்பி வாழ்கிறார்கள். 1990ஆம் ஆண்டு ஒக்டோபரில் வட மாகாணத்திலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம் மக்களிற் பெருந்தொகையினர் தஞ்சம் புகுந்ததும் இம்மாவட்டத்திலேதான். எமது வகுப்பறையிலே ஒரே வாங்கில் ஊர்ப்பிள்ளையும் அகதி முகாமிலிருந்து வந்த பிள்ளையும் நெருக்கியடித்து இருந்து படித்தோம். வறுமை எமக்குப் பொதுச் சொத்தாயிருந்தது.

அந்த வகுப்பிலே கணிதத்தில் எம் எல்லோரையும் மிஞ்சிய தோழர் ஒருவர் இருந்தார். ஆசிரியர் கரும்பலகையில் கணக்கை எழுதி முடிக்கும் முன்னரே விடையைச் சொல்லிவிடுவார். சாதாரண தரத்தில் நன்றாகச் சித்தியெய்தினார். பின்னர் என்ன செய்தார்? உயர்தர வகுப்பிலே இந்து சமுத்திர நாடுகளின் வரலாறும், தமிழும், புவியியலும், இஸ்லாமிய நாகரிகமும் படித்தார். அப்பாடங்கள் தாழ்ந்தவை என்று நாம் கூற வரவில்லை. அவற்றை விரும்பிக் கற்ற தோழர்களும் எம்மில் உண்டு. அவர்களாலே எமக்கு இலக்கியம் அறிமுகமாயிற்று. ஆயின் இவர் அவற்றை விரும்பிக் கற்கவில்லை. நாம் படித்த பாடசாலையில் உயர்தரத்திற்குக் கணித ஆசிரியர் இல்லை, பௌதிகவியல் ஆசிரியர் இல்லை, ஆய்வுகூடம் இல்லை. இருந்தது கலைப்பிரிவு மட்டுமே. நகரத்துப் பாடசாலைக்குச் செல்லப் பஸ் கட்டணமும் விடுதிச் செலவும் வேண்டும். அவை அவரது வீட்டில் இல்லை.

அவர் பல்கலைக்கழகம் சென்றார். கலைப்பட்டம் பெற்றார். பட்டம் பெற்றபின் அரசாங்க நியமனத்திற்காகச் சில ஆண்டுகள் காத்திருந்தார். வேலையற்ற பட்டதாரிகளின் ஊர்வலங்களிலே பதாகை பிடித்து நடந்தார். ஈற்றில் ஓர் அலுவலகத்திலே, தம் படிப்புக்கும் விருப்புக்கும் தொடர்பற்ற மேசையொன்றின் பின்னால் அமர்ந்தார். இன்றும் அங்கேயே இருக்கிறார். எப்போதாவது சந்திக்கும்போது, தம் பிள்ளையின் கணிதப் புத்தகத்தைப் புரட்டி, இரவிரவாகக் கணக்குகளைச் செய்து பார்ப்பதாகச் சிரித்தபடி சொல்வார். அந்தச் சிரிப்பை நாம் மறக்கவில்லை.

இந்தத் தோழரின் கதையை எண்ணிப் பார்த்தபோதுதான் ஓர் உண்மை எமக்குத் தெளிவாயிற்று. எந்தப் பட்டம் என்று நாம் கேட்கும்போது அக்கேள்விக்குரிய காலம் ஏற்கெனவே கடந்துவிடுகிறது. உயர்தரப் பரீட்சையின் பின்னர், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைந்நூலை வைத்துக்கொண்டு கற்கைநெறிகளை வரிசைப்படுத்தும் மாணவன், தான் தெரிவு செய்வதாக நினைக்கிறான். உண்மையில் அவன் தெரிவு இரண்டு ஆண்டுகளுக்கு முன்னரே முடிந்துவிட்டது. பொறியியல் படிக்க வேண்டுமாயின் உயர்தரத்தில் இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் ஆகிய மூன்றும் வேண்டும். வைத்தியம் படிக்க வேண்டுமாயின் உயிரியலும் பௌதிகவியலும் இரசாயனவியலும் வேண்டும். பதினாறு வயதிலே பிரிவைத் தெரிந்தெடுத்த நாளிலேயே பல கதவுகள் மூடப்பட்டுவிடுகின்றன. அந்த நாளிலே பிள்ளைக்காகத் தெரிவு செய்தது யார்? பிள்ளையும் அல்ல, பெற்றோரும் அல்ல. பாடசாலையிலே இல்லாத கணித ஆசிரியரின் வெற்று நாற்காலியே அதனைத் தெரிவு செய்தது.

இது எமது ஊரின் தனிக்கதை அன்று, நாட்டின் கதை. சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா அவர்களின் முயற்சியால் 1945இல் இலவசக் கல்வி வந்தது. ஏழையின் பிள்ளை பல்கலைக்கழகப் படியேறும் வாய்ப்பு அதனாலே பிறந்தது. அதை நாம் நன்றியோடு நினைக்கிறோம். ஆயினும் கல்வி பரவிய வேகத்தில் தொழில்கள் பெருகவில்லை. 1971 ஏப்பிரலில் கிளர்ந்தெழுந்த கிராமத்து இளைஞர்களிற் பலர் பாடசாலைக் கல்வியை முடித்துவிட்டு வேலையின்றி இருந்தவர்கள். அதே ஆண்டிலே சர்வதேசத் தொழில் தாபனத்தின் சார்பில், டட்லி சீயர்ஸ் என்னும் பொருளியலறிஞரின் தலைமையில் ஒரு குழு இலங்கைக்கு வந்து ஆராய்ந்து அறிக்கை தந்தது. வேலைவாய்ப்புகளுக்கும் இளைஞரின் எதிர்பார்ப்புகளுக்கும் இடையிலுள்ள பொருத்தமின்மையே அவ்வறிக்கையின் மையப் பொருளாயிருந்தது. 1976இல் ரொனால்ட் டோர் என்னும் சமூகவியலாளர், சான்றிதழுக்காகவே படிக்கும் நிலையை ஒரு நோயென வருணித்து நூலெழுதியபோது, இங்கிலாந்து, யப்பான், கென்யா ஆகியவற்றோடு இலங்கையையும் உதாரணமாக எடுத்துக்கொண்டார்.

அரசும் ஒரு மருந்து தேடியது. 1972ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தத்தில் தொழில்முன்னிலைக் கல்வி பாடசாலைகளிற் புகுத்தப்பட்டது. அவ்வூர்த் தொழிலை மாணவர் அறிவுபூர்வமாகக் கற்கட்டும் என்பது அதன் நோக்கம். நோக்கம் நல்லதே. ஆயினும் பெற்றோர் அதை ஐயத்தோடு பார்த்தார்கள். நகரத்துப் பிள்ளைக்கு வைத்தியமும் பொறியியலும், எம் பிள்ளைக்கு வலையும் மண்வெட்டியுமா என்று கேட்டார்கள். 1977இல் ஆட்சி மாறியபின் அத்திட்டம் கைவிடப்பட்டது. அந்தப் பெற்றோரின் ஐயத்தை அறியாமை என்று ஒதுக்கிவிட எம்மால் இயலாது. தொழில்வழிகாட்டல் என்னும் பெயரில் ஏழையை அவன் நிற்கும் இடத்திலேயே நிறுத்திவைக்கும் சூழ்ச்சி எந்த நாட்டிலும் நடக்கக்கூடியதே. “உன் தரத்திற்கு இது போதும்” என்று கூறும் வழிகாட்டலிலும் பார்க்க, வழிகாட்டல் இல்லாதிருப்பதே மேல்.

ஆனால் வழிகாட்டலின் பிறப்பு அப்படியானதன்று. 1908இல் அமெரிக்காவின் பொஸ்டன் நகரிலே, பிராங்க் பார்சன்ஸ் என்னும் சமூகச் சீர்திருத்தவாதி முதலாவது தொழில்வழிகாட்டற் பணியகத்தைத் திறந்தார். குடியேறி வந்த ஏழைத் தொழிலாளரின் பிள்ளைகள் வாழ்ந்த பகுதியிலே அவர் பணி தொடங்கியது. அவர் கூறிய முறை எளிது. முதலாவது, உன்னை அறி. இரண்டாவது, தொழில்களை அறி. அவற்றின் தேவை, ஊதியம், வாய்ப்பு, இடர் ஆகிய யாவற்றையும் அறி. மூன்றாவது, இவ்விரண்டையும் அறிவால் இணைத்துப் பார். பணியகத்தைத் திறந்த அதே ஆண்டில் அவர் இறந்துபோனார். அவருடைய நூல் மறு ஆண்டிலேதான் வெளிவந்தது. வசதி படைத்தவனின் மகனுக்கு இந்த முறை தேவையில்லை. அவன் வீட்டு விருந்திலேயே வைத்தியரும் வழக்கறிஞரும் வங்கி முகாமையாளரும் வந்து அமர்கிறார்கள். கேளாமலே அவனுக்குச் செய்தி கிடைக்கிறது. எத்தாளைப் பிள்ளைக்கு அந்த விருந்து இல்லை. அவளுக்காக அதனை நாமே கூட்ட வேண்டும்.

அவ்வாறு எண்ணித்தான் நாம் ஒரு சிறு வேலையைத் தொடங்கினோம். அந்தப் பெண்பிள்ளையையும், அவ்வாண்டு பரீட்சை எழுதிய வேறு சில பிள்ளைகளையும் அழைத்தோம். பட்டங்களின் பெயரை ஒரு மாதம் வாயிலெடுப்பதில்லை என்று முடிவு செய்தோம். அதற்குப் பதிலாக, ஊரிலும் ஊரைச் சுற்றியும் என்னென்ன வேலைகள் நடக்கின்றன, அவற்றை யார் செய்கிறார்கள் என்று விசாரிக்கத் தொடங்கினோம். ஒவ்வொருவரிடமும் கேட்க நான்கு கேள்விகள். காலை முதல் மாலை வரை நீங்கள் உண்மையிற் செய்வது என்ன? எந்தப் பாடங்களைப் படித்து, எந்த வழியாக இங்கே வந்தீர்கள்? முதற் சம்பளம் கையில் வரும்வரை எத்தனை ஆண்டும் எவ்வளவு பணமும் சென்றன? உங்களோடு புறப்பட்டு வழியில் நின்றுவிட்டவர்கள் ஏன் நின்றார்கள்? நான்காவது கேள்வியே மிகுதியாகக் கற்பித்தது.

நுரைச்சோலை அனல்மின் நிலையம் எமக்கு அயல். 2011இல் அதன் முதற் பகுதி இயங்கத் தொடங்கியது. 2014இல் மூன்று பகுதிகளும் சேர்ந்து 900 மெகாவாற்று ஆயின. அதன் நீண்ட புகைபோக்கியைப் பார்த்துக்கொண்டே வளர்ந்த பிள்ளைகளுக்கு, உள்ளே எஞ்ஜினியரும் கூலியாளும் மட்டுமே இருப்பதாக எண்ணம். அங்கே வேலை பார்க்கும் அயலவர் ஒருவர் தேநீர்க் கடையிலிருந்து விளக்கினார். கொதிகலனுக்குட் செல்லும் நீர் மிகத் தூய்மையாயிருக்க வேண்டும். அதைச் சோதிக்க இரசாயனம் கற்றவர் வேண்டும். நிலக்கரிக் கப்பல் கரைக்கு வருவதில்லை. கடலிலேயே நின்று இறக்குகிறது. தென்மேற்குப் பருவக்காற்றிற் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் இறக்க முடியாது. ஆகவே கடலின் போக்கை அறிந்தவரும், கணக்கிட்டுச் சேமிப்பவரும் வேண்டும். ஒட்டுவேலை செய்பவர், மின்னிணைப்பாளர், கருவி திருத்துபவர் என்று எத்தனையோ பேர். அவரே பட்டதாரி அல்லர். பயிலுநராகச் சேர்ந்து தேசியத் தொழிற்றகைமைச் சான்றிதழ் பெற்றவர். அத்தகைமை ஒன்று முதல் ஏழு வரையான மட்டங்களாக அமைந்தது என்பதும், ஏழாம் மட்டம் பட்டத்திற்குச் சமம் என்பதும், அவ்வழியில் ஏறுவோருக்காக 2008ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த பல்கலைக்கழகம் ஒன்று இரத்மலானையில் உண்டு என்பதும் ஆசிரியர்களான எமக்கே அன்றுதான் தெரிந்தன.

அவ்வேளை ஒரு மாணவன் கேட்டான்: “இந்த நிலையம் எத்தனை காலத்துக்கு இருக்கும், சேர்?” நல்ல கேள்வி. 2030க்குள் நாட்டின் மின்சாரத்தில் 70 சதவீதத்தைப் புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து பெறுவது அரசு அறிவித்த இலக்கு. மாம்புரியிலே 2010 முதல் காற்றாலைகள் சுழல்கின்றன. பதினாறு வயதுப் பிள்ளை இன்னும் நாற்பதாண்டுக்கு மேல் உழைக்க இருக்கிறது. ஆகவே இன்றைய வேலையை மட்டும் பார்த்தாற் போதாது. அந்த வேலையின் ஆயுளையும் பார்க்க வேண்டும். இதற்கு உதாரணம் தேடி நாம் வெகுதூரம் செல்ல வேண்டியிருக்கவில்லை. இந்தக் கரையோரத்திலே இறால் வளர்ப்பு ஒரு காலத்திற் பொன்விளையும் தொழிலென்று பேசப்பட்டது. 1996இல் வெண்புள்ளி நோய் பரவியது. வெறுமையாகிக் கைவிடப்பட்ட குளங்களைப் புத்தளம் முதல் சிலாபம் வரை கண்டவர்கள் அதை மறக்கமாட்டார்கள். அந்நோயை அறியவும் தடுக்கவும் வல்ல கல்வி எம் பிள்ளைகளிடம் இருந்திருந்தால் என்ற எண்ணமும் உடனே எழுகிறது.

அடுத்துத் தோட்டங்களுக்குச் சென்றோம். வெங்காயத் தோட்டம் செய்யும் எம் தோழர் கிணற்றைக் காட்டினார். மணல் நிலம், இட்ட உரம் நீரோடு இறங்கிக் கிணற்றை அடைகிறது. கற்பிட்டிக் குடாநாட்டு நிலத்தடி நீரில் நைத்திரேற்று மிகுந்திருப்பதை ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாகச் சுட்டி வருகிறார்கள். தாம் குடிக்கும் நீரே ஓர் ஆராய்ச்சிப் பொருள் என்று கேட்டபோது பிள்ளைகளின் முகத்திலே தோன்றிய வியப்பை என்னென்பது! மண்ணியல், விவசாய விஞ்ஞானம், நீர்வளம், இரசாயனம் என்னும் சொற்களெல்லாம் திடீரென்று கிணற்றடிக்கு வந்துவிட்டன.

கடலைப் பற்றியும் அவ்வாறே. தேசிய நீரியல்வள ஆராய்ச்சி நிறுவனமாகிய நாராவின் நிலையம் கற்பிட்டியிலேயே உள்ளது. உறுகுணைப் பல்கலைக்கழகத்திலே கடற்றொழிலுக்கும் சமுத்திர விஞ்ஞானத்திற்கும் ஒரு பீடம் உண்டு. எமது மாகாணத்து வயம்பப் பல்கலைக்கழகத்திலே கால்நடை, மீன்பிடி, போசணை ஆகியவற்றுக்கு ஒரு பீடம் மாகந்துறையில் உண்டு. வாடிக்குரிய தோழர் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். பருவக்காற்று எப்போது திரும்பும், எந்த நீரோட்டத்தில் எந்த மீன் வரும் என்பதை வானத்தைப் பார்த்தே சொல்லும் மனிதர் அவர். “இதுக்கும் டிகிரி குடுக்கிறாங்களா?” என்றார். தம் தொழில் அறிவென்று மதிக்கப்படும் இடமொன்று உண்டு என்பதை அவர் அப்போதுதான் கேள்விப்பட்டார்.

இவ்விடத்தில் தோழர் சிலர் எம்மை மறிக்கக்கூடும். கல்வி வேலைக்காகவா, மனிதனை மனிதனாக்குவதற்காகவா என்று கேட்பார்கள். மனிதனாக்குவதற்கே என்று நாமும் சொல்கிறோம். ஆனால் மூன்று வேளை உணவுக்கு உத்தரவாதமுள்ள வீட்டிலே அந்த விடை ஒரு பொருளைத் தருகிறது. நாளாந்தம் கடலை நம்பும் வீட்டிலே வேறொரு பொருளைத் தருகிறது. ஒரு பிள்ளையைப் பதின்மூன்று ஆண்டு பாடசாலைக்கும் நான்காண்டு பல்கலைக்கழகத்திற்கும் அனுப்பும் தாய், அத்தனை ஆண்டும் அப்பிள்ளையின் உழைப்பின்றி அடுப்பெரிக்கிறாள். இலவசக் கல்வி என்று நாம் சொல்லும்போது, அந்தத் தாய் செலுத்தும் கட்டணத்தை மறந்துவிடுகிறோம். அவளிடம் சென்று தொழிலைப் பற்றி நினையாதே என்று சொல்ல எமக்கு வாய் வராது.

வேறு சிலர் கேட்பார்கள்: வேலையே இல்லாத நாட்டிலே விசாரித்து என்ன பயன்? இக்கேள்வியிலே நியாயம் உண்டு. எல்லோரும் நன்கு விசாரித்துத் தெரிவு செய்துவிட்டாற்போல ஒரு புதிய வேலையேனும் பிறந்துவிடாது. வேலையின்மைக்குக் காரணம் பிள்ளைகளின் தவறான தெரிவு என்று கூறுவது, பசிக்குக் காரணம் பசித்தவனின் வயிறு என்று கூறுவதை ஒக்கும். 2020இல் 50,000 பட்டதாரிகளை அரச சேவையிற் பயிலுநராகச் சேர்க்கும் திட்டம் வந்தது; பயிற்சிக் காலத்தில் மாதம் 20,000 ரூபா கொடுப்பனவு. இரண்டாண்டு கழித்து 2022இல் நாட்டின் பொருளாதாரமே சரிந்தபோது, அந்தத் தொகையின் பெறுமதி என்னவாயிற்று என்பதைச் சந்தைக்குச் சென்றவர்கள் அறிவார்கள். இது திட்டமிடாத பொருளாதாரத்தின் குற்றம். அதைத் தனிப் பிள்ளையின் தலையிற் சுமத்தலாகாது. ஆயினும் பொருளாதாரம் திருந்தும்வரை பிள்ளை பதினாறு வயதிலேயே நிற்பதில்லை. வரும் மாதமே அவள் ஒரு பிரிவிற் சேர்ந்தாக வேண்டும். கண்ணைக் கட்டிக்கொண்டு சேர்வதா, திறந்துகொண்டு சேர்வதா என்பதே எம்முன் நின்ற கேள்வி.

கண்ணைத் திறந்து பார்த்தபோது சில செய்திகள் நம்பிக்கையும் தந்தன. அரச பல்கலைக்கழக அனுமதியிலே பொதுவாக 40 சதவீதம் நாடளாவிய திறமையின்படியும், 55 சதவீதம் மாவட்டங்களின் சனத்தொகைப்படியும், 5 சதவீதம் கல்வியிற் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாகவும் பகிரப்படுகின்றன. அப்பதினாறில் புத்தளமும் ஒன்று. ஒவ்வொரு கற்கைநெறிக்கும் ஒவ்வொரு மாவட்டத்திற்கும் முந்திய ஆண்டிலே எந்த இசட் புள்ளி வெட்டுப்புள்ளியாயிருந்தது என்பதை ஆணைக்குழு வெளியிடுகிறது. அந்த அட்டவணையைப் பரீட்சை எழுதியபின் பார்ப்பதில் என்ன பயன்? பாடம் தெரியும் முன்னரே பார்க்க வேண்டும். நாம் அதனைப் பிள்ளைகளின் முன் விரித்து வைத்தோம். புத்தளம் என்ற வரியிலே விரலை வைத்து, ஒவ்வொரு நிரலாக அவர்கள் வாசித்தார்கள். தகுதி பெறுவோரிற் பெரும்பாலோருக்கு அரச பல்கலைக்கழகத்தில் இடம் கிடைப்பதில்லை என்ற கசப்பான உண்மையையும் மறைக்காமற் சொன்னோம். ஆகவே ஒவ்வொருவரும் தம் தாளிலே இரண்டு வழிகளை எழுத வேண்டும் என்றோம்: இடம் கிடைத்தால் ஒன்று, கிடைக்காவிட்டால் ஒன்று. இரண்டாவது வழியை எழுதுவதற்கு வெட்கப்படத் தேவையில்லை என்பதை விளங்கவைக்கத்தான் அதிக நேரம் சென்றது.

ஒரு மாதம் கழிந்தபின் மீண்டும் அதே வாடியிற் கூடினோம். பெண்பிள்ளை இம்முறை எந்த டிகிரி என்று கேட்கவில்லை. “நான் இரசாயனம் படிக்கணும். தண்ணியைப் பற்றிப் படிக்கணும்” என்றாள். உயர்தரத்தில் உயிரியலும் இரசாயனவியலும் பௌதிகவியலும் எடுத்தால் வைத்தியத்தின் கதவும் திறந்திருக்கும். விவசாயமும் கடற்றொழிலும் திறந்திருக்கும். இவை கிட்டாவிட்டால் ஆய்வுகூடத் தொழில்களுக்கான பயிற்சி வழிகளும் உண்டு என்று தன் தாளைப் பார்த்து வாசித்தாள். அவ்வளவும் அவளே விசாரித்து எழுதியது.

அடுத்து எழுந்த கேள்விக்கு எம்மிடம் விடை இருக்கவில்லை. எங்கே படிப்பது? எமது வகுப்பறையிலே அன்று வெறுமையாயிருந்த அந்த நாற்காலி இன்றும் வெறுமையாகவே இருக்கிறது. விஞ்ஞானம் கற்க நகரத்திற்குத்தான் செல்ல வேண்டும். தாய் நெடுநேரம் பேசாதிருந்தார். பெண்பிள்ளை நாள்தோறும் இவ்வளவு தூரம் போய் வருவதெப்படி, விடுதியில் விடுவதாயின் பணத்திற்கு என்ன செய்வது என்பவை அவருடைய கவலைகள். அவை வீண் கவலைகள் அல்ல. தந்தைதான் ஈற்றில் வாய் திறந்தார். முப்பது ஆண்டுகளுக்கு முன்னர் கணிதத்தில் வல்லவனாயிருந்த எம் தோழரின் பெயரைச் சொன்னார். “அவனுக்கு நடந்தது இவளுக்கு நடக்க வேணாம்” என்றார். இப்போது அவள் விடியற்காலை பஸ்ஸிலே நகரத்திற்குச் செல்கிறாள். கட்டணத்தின் ஒரு பகுதியை நாம் சிலர் பகிர்ந்துகொள்கிறோம். இதை நாம் பெருமைக்காகக் கூறவில்லை. ஒரு பிள்ளைக்குப் பஸ் கட்டணம் சேர்க்க எம்மால் முடிந்தது. அவளோடு விசாரித்த மற்றப் பிள்ளைகளில் இருவர் கட்டணம் இல்லாமையால் கலைப்பிரிவிலேயே சேர்ந்துவிட்டார்கள் என்பதையும் சொல்லாதுவிட்டால் இக்கட்டுரை பொய்யாகிவிடும்.

அவ்விருவருக்காகவும் இனி வருவோருக்காகவும் இரண்டு காரியங்களைத் தொடங்கியுள்ளோம். ஒன்று, பிள்ளைகள் விசாரித்து எழுதியவற்றை ஒரு கொப்பியிலே சேர்த்துப் பாடசாலையில் வைத்திருக்கிறோம். அடுத்த ஆண்டுப் பிள்ளைகள் அதை வாசித்து, திருத்தி, தொடர்ந்து எழுதுவார்கள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையும் அதனைப் புரட்டிப் பார்க்கலாம். மற்றது, உயர்தர விஞ்ஞான, கணித ஆசிரியர் வேண்டும் என்று பெற்றோரின் கையொப்பத்தோடு ஒரு விண்ணப்பம். வழமையாக இத்தகைய விண்ணப்பங்களிலே “எமது பிள்ளைகளின் எதிர்காலம்” என்று பொதுப்படையாக எழுதுவோம். இம்முறை அவ்வாறு எழுதவில்லை. இன்ன பிள்ளைகள் இன்னின்ன தொழிலை விரும்பினார்கள், அதற்கு இன்னின்ன பாடம் வேண்டும், அப்பாடத்திற்கு ஆசிரியர் இல்லை என்று ஒவ்வொன்றாக எழுதினோம். விசாரணை எமக்குத் தந்த ஆயுதம் அதுவே. விண்ணப்பத்திற்கு இன்னும் மறுமொழி வரவில்லை. நாம் மறுபடியும் எழுதுவோம்.

ஆசிரியத் தோழர்களே, மாணவ நண்பர்களே! உங்கள் ஊரிலும் ஒரு பிள்ளை பெறுபேற்றுத் தாளோடு வந்து நிற்கும். உடனே ஒரு பட்டத்தின் பெயரைச் சொல்லி அனுப்பிவிடாதீர்கள். அதனைக் கிணற்றடிக்கும், பட்டறைக்கும், ஆசுப்பத்திரிக்கும், கடற்கரைக்கும் அழைத்துச் செல்லுங்கள். அங்கே உழைப்பவர்களைக் கேட்கச் செய்யுங்கள். அந்தத் தாளைப் பரீட்சைக்குப் பின்னர் அல்ல, பாடம் தெரியும் முன்னரே எழுதச் செய்யுங்கள். பின்னர் அதிலே எந்த இடத்தில் வழி அடைபட்டிருக்கிறது என்று பாருங்கள். அந்த இடத்திலே பிள்ளையைத் தனியே விட்டுவிடாமல், ஊராகச் சேர்ந்து நின்று தட்டுங்கள்.